நாலாவது டிரம்

கொடைக்கானலில் ஒரு பெண்கள் கல்லூரி ஹாஸ்டலுக்கு நான் மேட்ரனாக இருந்தேன். எழுபதுகளின் கடைசியில் மலை ஏறினவள், எண்பதுகள் முடியும்வரை அங்கேதான். என் வாய் அந்த வளாகம் முழுக்கப் பேர் போனது. குழாயை மூடாமல் போனவளை மாடிவரைக்கும் துரத்திப் போய்த் திட்டுவேன். அரிசியில் கல் கிடந்தால் கடைக்காரருக்கு டெலிபோனிலேயே அர்ச்சனை நடக்கும். "மேட்ரனம்மா பேசினா ஏரிக்கு அந்தப் பக்கம் கேக்கும்" என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். அப்படிப்பட்ட வாய் ஒரே ஒரு விஷயத்தில் மூடிக்கொண்டது. அதனால் ஒருத்தியின் வேலை போகப் பார்த்தது.

எல்லாம் மூன்று டிரம்மில் ஆரம்பித்தது. எங்கள் தாவரவியல் லெக்சரர் சின்ன வயசுப் பெண். கல்யாணம் ஆகாதவள். ஹாஸ்டலிலேயே ஓர் அறையில் தங்கியிருந்தாள். எங்கேயோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தவள், இனிமேல் இந்த வளாகத்தில் எதுவும் வீணாகப் போகக்கூடாது என்று கிளம்பிவிட்டாள். அதுவரை ஹாஸ்டலுக்குப் பின்னால், பேரிக்காய் மரங்களைத் தாண்டி, ஒரு பெரிய குழி இருந்தது. சமையலறைக் குப்பை, கிழிந்த நோட்டு, உடைந்த பாட்டில் எல்லாம் அதில்தான் விழும். வாரத்துக்கு ஒரு நாள் தீ வைப்பார்கள். அந்தப் புகையைப் பார்த்துத்தான் அவள் துடித்துப் போனாள். ஜூலை மாதம் குழியை மண் போட்டு மூடியாயிற்று. அதற்குப் பதிலாக மூன்று பழைய எண்ணெய் டிரம்கள் வந்தன. பச்சை டிரம்மில் காய்கறித் தோலும் மிச்சச் சோறும் போட வேண்டும், அது தோட்டத்துக்கு எருவாகும். நீல டிரம்மில் காகிதம். மஞ்சள் டிரம்மில் கண்ணாடியும் தகரமும். பிள்ளைகளே பெயின்ட் அடித்து, தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, ஓரத்தில் பூ வேறு வரைந்திருந்தார்கள்.

முதல் வாரம் பார்க்க வேண்டுமே கூத்தை! பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே கால் மணி நேரம் நின்றது. கடைசியில் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு, காகிதத்தை நீலத்தில் போட்டுவிட்டுப் போனது. பேராசிரியை ஒருவர் முட்டை ஓடு எதில் சேர்த்தி என்று கேட்டு எனக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். நான் வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணினேன். ஆனால் லெக்சரரைக் குறை சொல்ல மாட்டேன். அவள் சொன்னபடியே நடந்தது. எரு போட்ட பாத்தியில் முட்டைக்கோஸ் தலையணை மாதிரி விளைந்தது. ஒரு பக்கம் மட்டும் எழுதின தாள்களைத் தனியாக எடுத்துத் தைத்து, பிள்ளைகள் ரஃப் நோட்டாக வைத்துக்கொண்டார்கள். மற்ற காகிதமெல்லாம் மூட்டையாகக் கட்டிப் பஜாரில் பழைய பேப்பர் வாங்குகிற பாயின் கடைக்குப் போகும். அவர் அதை லாரியில் ஏற்றி, பெருமாள்மலை வழியாகப் பழனிக்கு அனுப்புவார். அங்கே திருநீறு மடிக்கிற பொட்டலமாக மாறும்.

இந்தக் காகிதத்தைப் பிரிக்கிற வேலை ஹாஸ்டலைக் கூட்டிப் பெருக்குகிற பெண்ணுக்கு விழுந்தது. அவள் சிலோனிலிருந்து வந்தவள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்து, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்ட குடும்பம். புருஷன் மன்னவனூர்ப் பக்கம் மரம் வெட்டப் போனவர், மாதத்துக்கு ஒரு தரம் வந்து முகம் காட்டுவார். ஒரு மகள் பள்ளிக்கூடத்தில் படித்தது. தகரக் கொட்டகையில் இருந்தார்கள். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். அவள் அப்போது தற்காலிகம்தான். ஜனவரியில் நிரந்தரம் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார்கள். நிரந்தரம் ஆனால் வெந்நீர் பாய்லர் அறையை ஒட்டியிருந்த ஓட்டு வீடு கிடைக்கும். பாய்லர் சூட்டில் அந்தச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். போகும்போதும் வரும்போதும் அவள் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன்.

வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "எங்களுக்கு ஆறு மணிக்கெல்லாம் பெரட்டுங்கம்மா, பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவாங்க. ஒரு நிமிசம் பிந்தினா கங்காணி திருப்பி அனுப்பிருவாரு" என்பாள். அந்தப் பழக்கம் விடவில்லை. வெள்ளனே வந்து பாய்லரைப் பற்றவைத்து, கூட்டி முடித்து, நீல டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கசங்கின தாளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து நீவி அடுக்க வேண்டும். வெறுங்கைதான். கையுறை என்று ஒன்று உண்டு என்பது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவே இல்லை.

மழைக்காலம் தொடங்கின சமயம், ஒரு மத்தியானம் சமையலறைப் பின்கட்டில் அவள் ஸ்பூனால் சோறு தின்றுகொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, சிலோன்ல தொரைசாணிகிட்ட படிச்ச பழக்கமா? ஸ்பூன்ல போட்டாத்தான் தொண்டைக்குள்ள எறங்குமோ?"

"ஆமாங்கம்மா. நானும் தொரைசாணி ஆகிட்டேன்ல" என்று சிரித்தாள்.

சமையல்காரிகளும் சேர்ந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவளை எல்லாரும் தொரைசாணி என்றே கூப்பிட்டோம்.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, நான் ஸ்டோர் ரூமில் பருப்பு அளந்துகொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றாள். சமையல்காரி வெளியே போகும்வரை நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, இன்னொரு டிரம் வேணும். மூடி போட்டது."

"இருக்கிற மூணே காணாதா? எதுக்கு?"

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "பிள்ளைங்க தூரமானா கட்டுற துணி, பஞ்செல்லாம் பேப்பர்ல சுத்தி நீல டிரம்ல போட்டுருதுங்கம்மா. எது பேப்பர், எது அதுன்னு மேல பாத்தா தெரியல. பிரிச்ச பொறகுதான் தெரியுது."

எனக்கு முகம் காந்தியது. அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மலையில் மழைக்காலத்தில் துவைத்த சேலையே மூன்று நாள் ஆனாலும் காயாது. மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். வீட்டில் துவைத்துக் காயப்போட்டுப் பழகின சமவெளிப் பிள்ளைகள் இங்கே வந்து என்ன செய்யும்? பழைய துணியைக் கிழித்தும், வசதியுள்ளவர்கள் கடையில் பஞ்சுப் பட்டை வாங்கியும் வைத்துக்கொண்டு, முன்பெல்லாம் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குழியில் போட்டுவிட்டு வருவார்கள். குழியை மூடிவிட்டோம். திட்டம் போட்டவள் பெண். பெயின்ட் அடித்தவர்கள் பெண்கள். சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்த நானும் பெண். இத்தனை பேர் இருந்தும் அதற்கு ஓர் இடம் வைக்க யாரும் வாய் திறக்கவில்லை.

"கொஞ்சம் பொறு. பாக்கலாம்" என்றேன்.

டிரம் வேண்டுமானால் ஆபீஸ் சூப்பரின்டெண்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் 'தேவைக்கான காரணம்' என்று ஒரு கட்டம். அன்று சாயங்காலம் படிவத்தை எடுத்துவைத்துப் பேனாவைத் திறந்தேன். எழுத வரவில்லை. அவர் ஆண்பிள்ளை. நெற்றி நிறையத் திருநீறு பூசி, கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் இதை எப்படி நீட்டுவது? பாலசமுத்திரத்தில் எங்கள் வீடு சர்ச்சுக்குப் போகிற வீடு. தூரமென்று ஒதுக்கி உட்காரவைக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஆனால் அந்தப் பேச்சும் கிடையாது. அம்மா கண்ணால் கேட்பாள், நான் தலையை ஆட்டுவேன், அத்தோடு முடிந்தது. படிவத்தை மடித்து டிராயரில் போட்டேன். லெக்சரரிடமாவது சொல்லலாம் என்று இரண்டு தரம் அவள் அறைக்குப் போனேன். இரண்டு தரமும் முட்டைக்கோஸைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். கூட்டுகிறவள் அப்புறம் ஒரு தரம் வந்து டிரம்மைக் கேட்டாள். "சொல்லியிருக்கேன்மா" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துப் பாய் நேரிலேயே வந்துவிட்டார். சாதாரணமாகக் கடை ஆளைத்தான் அனுப்புவார். அன்று தொப்பியைச் சரி செய்துகொண்டு, ஆபீஸ் வராந்தாவில் சங்கடப்பட்டு நின்றார். சூப்பரின்டெண்டும் அங்கே இருந்ததால் அவருக்குப் பேச்சு வரவில்லை. என்னைத் தனியாகக் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போனார்.

"மேட்ரனம்மா, தப்பா நெனைக்காதீங்க. இந்தப் பேப்பரு பழனிக்குப் போயி துன்னூறு பொட்டலம் மடிக்கிறதுக்குமா. பொம்பளைக பத்துப் பேரு உக்காந்து மடிப்பாக. நேத்து ஒரு மூட்டையப் பிரிச்சவுக, அப்பிடியே போட்டுட்டு எந்திரிச்சிட்டாக. என்ன கெடந்துச்சுன்னு என் வாயால சொல்ல மாட்டேன். நீங்க பொம்பள, வெளங்கிக்கிருவீங்க. நான் வேற மதத்துக்காரன்தான். ஆனா சாமிக்குப் போற காரியம்மா. நாளைக்கி ஒரு பேச்சு வந்திரக் கூடாது. இனிமே உங்க பேப்பர எடுக்க முடியாது."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மண்ணுக்குள் புகுந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. சூப்பரின்டெண்ட் வந்து என்னவென்று கேட்டார். "காகிதத்துல அழுக்கு கெடக்காம். இனிமே எடுக்க மாட்டாராம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது என் வாயில்.

அவர் நேரே அவளைக் கூப்பிட்டார். "பிரிக்கிறதுக்குன்னுதானே உன்னைய வச்சிருக்கு? ஒழுங்காப் பாத்தா அழுக்கு எப்பிடிம்மா போகும்? இன்னொரு தரம் கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு, ஜனவரிப் பேச்சே கிடையாது. வேற ஆளப் பாத்துக்கிருவோம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அவள் தானாகவே ஒரு வழி பண்ணிக்கொண்டாள். இன்னும் வெள்ளனே வந்து, நீல டிரம்மில் கிடக்கும் பொட்டலங்களைப் பொறுக்கி எடுத்து, பாய்லர் அடுப்பில் போட்டு எரித்துவிடுவாள். பாய்லருக்கு மேலே லெக்சரர் எழுதி மாட்டின பலகை தொங்கியது: 'காகிதம் எரிக்காதீர்'. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். தெரிந்தேதான் எரித்தாள். வேறு என்ன செய்வாள்?

ஒரு வாரம் ஓடியிருக்கும். காலையில் நடக்கப் போன சூப்பரின்டெண்ட் பாய்லர் புகைபோக்கியிலிருந்து காகிதக் கரி பறப்பதைப் பார்த்துவிட்டார். உள்ளே போனால், இவள் நியூஸ் பேப்பர் சுருட்டல்களை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறாள். என்னவென்று பார்க்க அவர் குனிந்திருக்கிறார். அவள் அடுப்பு வாயை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டாளாம். "பாக்காதீங்க சார்" என்றாளாம். அவருக்குச் சந்தேகம் தட்டாமல் இருக்குமா? எதையோ திருடி மறைக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டார்.

பத்து மணிக்கு விசாரணை. அவர் அறையில் அவர், லெக்சரர், நான். அவள் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். லெக்சரருக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் திட்டத்தையே ஒருத்தி அடுப்பில் போட்டுவிட்டாள் அல்லவா?

"பலகைய வாசிக்கத் தெரியும்தானே? அப்புறம் ஏன் எரிச்சீங்க?" என்று கேட்டாள்.

"தப்புத்தாங்க டீச்சர்."

"என்னத்த மறைச்ச?" என்றார் சூப்பரின்டெண்ட்.

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாததையா அடுப்ப மறிச்சுக்கிட்டு நின்ன? சொல்லலேன்னா இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவேன். பிரின்சிபாலுக்கு எழுத வேண்டியதுதான்."

அவள் வாயே திறக்கவில்லை. சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. அதைச் சொன்னால் அந்த ஆண்பிள்ளை முன்னால் ஹாஸ்டல் பிள்ளைகளின் மானம் போகும் என்று நினைத்து நின்றாள். ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்ன விஷயத்தை இங்கேயும் அவள் வெளியே விடவில்லை. அவர் பேனாவைத் திறந்தார்.

"நான்தான் சார் எரிக்கச் சொன்னேன்" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"விறகெல்லாம் ஈரமாக் கெடக்கு. அடுப்புப் பத்த மாட்டேங்குது. பிள்ளைக வெந்நி இல்லாம வெடவெடன்னு நடுங்குதுக. பழைய பேப்பரப் போட்டுப் பத்தவைன்னு நான்தான் சொன்னேன். சொன்னத மறந்துட்டேன். அவ மேல தப்பு இல்ல."

சூப்பரின்டெண்ட் பேனாவை மூடினார். முகம் தொங்கிப் போயிற்று. லெக்சரர் விருட்டென்று எழுந்து போனாள். எனக்கு ஒரு மெமோ வரும் என்றார் அவர். வரட்டுமே! ஒரு வேலையைக் காப்பாற்றிவிட்டேன் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் நான் வெளியே வந்தேன்.

பேரிக்காய் மரத்தடியில் அவள் காத்திருந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவும் செய்தாள்.

"என் வேலையக் காப்பாத்திட்டீங்க. கோடிப் புண்ணியம்மா."

கொஞ்சம் நின்று, தணிந்த குரலில் சொன்னாள். "ஆனா நாளைக்கி இனி எரிக்கவும் முடியாது. பிரிச்சு எடுத்து எங்கம்மா வைப்பேன்? அந்தக் கையாலதான் மகளுக்குச் சடை பின்னி விடுறேன். என்னதான் சோப்புப் போட்டாலும் எனக்கே ஒப்பலம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கேயே நான் நின்றேன். அப்போதுதான் அந்த ஸ்பூன் என் ஞாபகத்துக்கு வந்தது. அடிப் பாவி! எல்லாரையும் சிரிக்கவைத்தேனே! சோற்றைக் கையால் தொட அருவருப்புப்பட்டு அவள் ஸ்பூனைப் பிடித்திருந்தாள். நானோ தொரைசாணி என்று பேர் வைத்தேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

அந்த ஆத்திரத்தோடேயே திரும்பி நடந்து சூப்பரின்டெண்ட் அறைக்குள் போனேன். கதவைச் சாத்தவில்லை. உட்காரவும் இல்லை.

"சார், மூடி போட்ட டிரம் ஒண்ணு வேணும்."

"எதுக்கும்மா?" என்றார் எரிச்சலோடு.

"பிள்ளைக தூரமானா கட்டுற துணி போடுறதுக்கு. குழிய மூடினதுல இருந்து அதுக்கு எடமில்ல. எல்லாம் நீல டிரம்ல விழுது. அந்தப் பொண்ணு மூணு மாசமா வெறுங்கையால பிரிச்சு எடுக்குது. பாய் பாத்தது அதத்தான். இன்னைக்கி அடுப்புல எரிஞ்சதும் அதுதான். நீங்க பாத்துரக் கூடாதுன்னு மறைச்சு நின்னா. நான் எரிக்கச் சொன்னேன்னது பொய்."

ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் காது மடல் சிவந்துபோயிற்று. மேசையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பாவம், அவருக்கும் வீட்டில் மூன்று பெண்கள்.

"எத்தனை வேணுமோ எடுத்துக்கங்கம்மா" என்றார் கடைசியில். "படிவமெல்லாம் வேணாம்." பிறகு, நான் வாசலைத் தாண்டும்போது, "அவங்ககிட்ட நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். காலையில் அவளை நீ, வா, போ என்றவர்தான்.

நாலரை மணி டீக்குப் பிள்ளைகள் எல்லாரும் மெஸ்ஸில் கூடினார்கள். லெக்சரரும் ஓர் ஓரத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நடுவில் போய் நின்று, ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரலிலேயே விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தன.

"என்னத்துக்குச் சிரிப்பு? நீங்க சுத்திப் போட்டுட்டுப் போயிர்றீங்க. அதப் பிரிக்கிறது ஒரு மனுசி. அவளுக்கும் வயித்துக்குச் சோறு எறங்க வேணாமா?"

சிரிப்பு நின்றது. பின் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தது. வாயே திறக்காத பிள்ளை அது.

"மேடம், குழிய மூடுனப்ப எங்ககிட்ட யாருமே கேக்கல. வேற எங்க போடுறதுன்னு தெரியல. யார்கிட்டயும் கேக்கவும் வெக்கமா இருந்துச்சு."

அந்தப் பிள்ளை சொன்னதில் என்ன தப்பு? நானும் அதே வெட்கத்தில்தானே படிவத்தை மடித்து டிராயரில் போட்டேன்! "உக்காரு கண்ணு, தப்பு எங்க மேலதான்" என்றேன். லெக்சரர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுதுகொண்டே பேசினாள். இத்தனை நாள் தானும் நியூஸ் பேப்பரில் சுற்றி அதே நீல டிரம்மில்தான் போட்டிருக்கிறாள். ஒரு நாள்கூட அது எங்கே போகிறது என்று யோசிக்கவில்லையாம். எல்லாரும் கேட்கச் சொன்னாள். அதற்குத் தைரியம் வேண்டும்.

குளியலறைக்குப் பின்னால் நாலாவது டிரம் வந்தது. மூடி போட்டது. பக்கத்திலேயே புகைபோக்கி வைத்து ஒரு சின்னச் செங்கல் அடுப்புக் கட்டினோம். அதில் எரிக்கலாம் என்று லெக்சரரே விதியைத் தளர்த்தினாள். டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டி எரிப்பதைப் பிள்ளைகளே முறை போட்டுச் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. முதல் முறை லெக்சரருடையது. இரண்டாவது என்னுடையது. கூட்டுகிறவள் அந்த டிரம் பக்கமே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பாய்க்கு ஆள் அனுப்பினேன். இரண்டு மூட்டையைத் தானே கடையில் பிரித்துப் பார்த்த பிறகுதான் மறுபடி எடுக்க ஆரம்பித்தார்.

ஜனவரியில் அவளுக்கு ஆர்டர் வந்தது. வெதுவெதுப்பான சுவருள்ள அந்த ஓட்டு வீட்டுக்குக் குடி வந்தார்கள். ஆனால் என் மனசில் அதைவிட ஆழமாக நிற்பது டிசம்பரில் ஒரு மத்தியானம். அன்று முட்டைக்கோஸ் கூட்டும் ரசமும். சமையல்காரி வழக்கம்போல அவள் தட்டில் ஒரு ஸ்பூனையும் வைத்துக் கொடுத்தாள். நான் பின்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் ஸ்பூனை எடுத்துத் தட்டுக்கு வெளியே, தரையில் வைத்தாள். கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள். பிறகு சோற்றில் ரசத்தை விட்டு, ஐந்து விரலாலும் பிசைந்து உருட்டி வாயில் போட்டாள்.

நான் போய் அந்த ஸ்பூனை எடுத்துக் கழுவி டிராயரில் போட்டேன்.